முட்டை உரிக்கப் போன பிள்ளைகள்

பூலாங்காட்டுப்புதூர் நடுநிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் மூன்று பேர் இருக்க வேண்டும். கணக்கு வழக்கைப் பார்க்க ஓர் அமைப்பாளர், சமைக்க ஒரு சமையலர், கூடமாட ஓர் உதவியாளர். செவ்வந்தி அந்த மூன்றாவது ஆள். சமையலராக இருந்த பெண்மணி ஓய்வு பெற்றுப் போனபிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. அமைப்பாளர் பத்மாவதிக்கு இன்னும் இரண்டு பள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர் ஸ்கூட்டியில் வந்து அரிசி பருப்பை அளந்து கொடுத்துவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுவார். ஆக, உதவியாளர் என்ற பெயரில் செவ்வந்தியே சமைத்தாள், பரிமாறினாள், கழுவிக் கவிழ்த்தாள்.

அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. அப்பனும் அம்மாவும் வெங்காயக் காடுகளில் கூலிக்குப் போனவர்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபிறகு பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டும் வேலையில் பல வருஷம் குனிந்தே கழித்தாள். சத்துணவு வேலைக்கு உத்தரவு வந்தபோது வீட்டுக்காரர் சுப்பையன் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மேற்குத் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற காரணம் அது. பிறகு அந்த டிபன் பாக்ஸ்கள் மெல்லக் குறைந்து நின்றுபோயின. அவளுடைய சாம்பாரின் ருசியாலா, விடிந்ததும் கம்பெனி வண்டிக்கு ஓடுகிற அம்மாக்களுக்குச் சமைக்க நேரமில்லாததாலா என்று அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு தப்பு நடந்தால் போதும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்ற வெசனம் மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தைய பிரிவேளையில் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் வந்து முட்டை உரித்துக் கொடுப்பது பள்ளியில் வெகு நாளாக இருக்கிற வழக்கம். சமையலர் இருந்த காலத்தில் இரண்டு பேர் வருவார்கள். அவர் போனபின் தனியாக முடியவில்லை என்று செவ்வந்தி தலைமையாசிரியர் ஜெபமணியிடம் போய் நின்றாள்.

"எட்டாங்கிளாஸ் பொம்பளப் பிள்ளைங்க நாலு பேர அனுப்பறேன் செவ்வந்திம்மா. அவங்கதான் பொறுப்பா செய்வாங்க. பசங்கள விட்டா பாதி முட்டையத் தின்னுபோட்டு வந்துருவானுங்க" என்று சிரித்தார் அவர்.

செவ்வந்தியும் சிரித்தாள். அதில் தப்பாக அவளுக்கு ஒன்றும் படவில்லை. முட்டையோடு நிற்காமல் காய் நறுக்குவது, தட்டு அடுக்குவது என்று வேலை கூடிக்கொண்டே போனபோதும் படவில்லை. பின் வராந்தாவில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே உரிப்பார்கள். ஹர்ஷிணி என்ற பெண்ணுக்கு வாய் ஓயாது. எந்த வாத்தியார் எப்படி நடப்பார் என்று நடித்துக் காட்டுவாள். புகையிலும் வேக்காட்டிலும் தனியாக நிற்கிற செவ்வந்திக்கு அந்தச் சத்தம் ஒரு துணை. ஒன்றை மட்டும் தினமும் சொல்வாள்: "அடுப்புப் பக்கம் ஒருத்தரும் கால் வெக்கக் கூடாது கண்ணுகளா. வாசப்படியத் தாண்டுனா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அந்தப் புதன்கிழமை அவளே கூப்பிட்டாள்.

காலையில் கேஸ் தீர்ந்து, மாற்று சிலிண்டர் வர நேரமாகிவிட்டது. சாதம் அப்போதுதான் வெந்துகொண்டிருந்தது. முட்டைப் போசி அடுப்பில் தளதளவென்று கொதித்தது. இரண்டு பக்கமும் காது வைத்த பெரிய அலுமினியப் போசி அது. முன்பெல்லாம் சமையலர் ஒரு காதையும் செவ்வந்தி ஒரு காதையும் பிடித்துத் தண்ணீரை வடிப்பார்கள். தனியாளான பிறகு அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, கரண்டியால் முட்டைகளை அள்ளி எடுப்பாள். அன்றைக்கு ஆறவிட நேரமில்லை. மணி அடித்தால் பசியோடு ஓடிவரும் கூட்டம் கண்முன் நின்றது.

"ஹர்ஷிணி, சித்த இங்க வா கண்ணு. அந்தத் துணியப் போட்டு அந்தக் காதப் புடி. வடிச்சுப்போடலாம்."

ஹர்ஷிணி பெருமையாக எழுந்து வந்தாள். உள்ளே கூப்பிடப்பட்ட முதல் பிள்ளை அல்லவா! இரண்டு பேரும் தூக்கினார்கள். தண்ணீர் ஓடும் மோரியை எட்டுவதற்குள் அவள் பக்கத்துத் துணி நழுவியது. சூடு தாங்காமல் அவள் கையை உதற, போசி சாய்ந்து, கொதிநீர் அவளுடைய இடது முன்கையிலும் தொடையிலும் பாய்ந்தது.

அந்த அலறல் பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது. செவ்வந்தி அவளை அப்படியே தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். யாரோ பேஸ்ட் தடவச் சொன்னார்கள், யாரோ மாவு என்றார்கள். "ஒண்ணும் வேண்டாம், தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து" என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஜெபமணி சார் காரை எடுத்துவந்தார். ஒரு டீச்சர் ஈரத்துணி சுற்றிய பிள்ளையோடு பின்சீட்டில் ஏறினார். செவ்வந்தியும் ஏறப்போனாள்.

"நீங்க எங்க வர்றீங்க? இத்தனை பிள்ளைங்களுக்கும் யாரு சோறு போடறது?" என்றார் ஜெபமணி சார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அவள் திரும்பி நடந்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் அள்ளிப் போட்ட சாதத்தில் பருக்கைகள் தட்டுக்கு வெளியே சிதறின. முட்டைகளை உரிக்க ஆளில்லை. அப்படியே ஓட்டோடு ஆளுக்கொன்றாக வைத்தாள். பிள்ளைகள் தரையில் தட்டித் தாங்களே உரித்துத் தின்றார்கள். சின்ன வகுப்புப் பெண் ஒருத்தி அவள் சேலையை இழுத்தாள். "ஆயாம்மா, ஹர்ஷிணி அக்கா செத்துப் போயிருமா?"

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது சாமி" என்று சொல்லிவிட்டு, அரிசி வைக்கும் அறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மதியத்துக்குமேல் பத்மாவதி பதறியடித்து வந்தார். உயிருக்கு ஒன்றும் பயமில்லை, கையில்தான் காயம் அதிகம், சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்ற தகவலை அவர்தான் கொண்டுவந்தார். செவ்வந்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்மாவதியும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க பாரு செவ்வந்தி. அவ தண்ணி குடிக்க உள்ள வந்தா. போசியில இடிச்சுப்போட்டா. அவ்வளவுதான் நடந்துச்சு. சரியா?"

"இல்லீங் மேடம். நான்தான் அவளக் கூப்பிட்டு..."

"அத நீ என்றகிட்டயும் சொல்லாத. எனக்குக் காதுல உழுகல." பத்மாவதி வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பிள்ளைங்கள அடுப்படியில விட்டேன்னு தெரிஞ்சா உன்ற வேலையும் போகும், என்ற வேலையும் போகும். சாரையும் சும்மா உடமாட்டாங்க. நாம யாருக்கும் கெடுதல் பண்ணணும்னா பண்ணுனோம்?"

அன்று சாயங்காலம் செவ்வந்தி பல்லடத்துக்குப் பஸ் ஏறினாள். அரசு ஆஸ்பத்திரி வாசல்வரை போனாள். ஹர்ஷிணியின் அப்பா மருதாசலத்தின் பைக் உள்ளே நின்றது. மேற்குத் தெருவில் சின்னதாகத் தறிக்குடோன் வைத்திருப்பவர். கோபக்காரர். உள்ளே போனால் என்ன சொல்வது? பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவா? கேட்டால், அவர் எப்படி ஆயிற்று என்று கேட்பாரே. இளநீர்க் கடையோரம் நின்று நின்று பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக் கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டாலே அதிகாரிகளோ என்று எட்டிப் பார்த்தாள். வழக்கமான நேரத்துக்குப் பெண்பிள்ளைகள் வராந்தாவுக்கு வரவில்லை. ஜெபமணி சார் அனுப்பவில்லை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவுமில்லை. இத்தனை வருஷம் அப்படி ஒரு வழக்கமே இல்லாததுபோல இருந்தது.

சனிக்கிழமை மாலை ஜன்னத் வீட்டுக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் டெய்லர். கையில் நூல் துணுக்கு ஒட்டியிருக்க, வேலை முடித்த கையோடு வந்திருந்தாள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஓர் அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் போன தடவை அவள் பெயரைப் போட்டிருந்தார்கள்.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை கூட்டமுங்க. ஹெச்செம் சார் போன் பண்ணுனாரு. ஹர்ஷிணி தானாத்தான் உள்ள போனேன்னு அவளே சொல்லிட்டாளாம். அதனால கூட்டத்துல பெருசு பண்ண வேண்டாம், வருத்தம் தெரிவிச்சு முடிச்சுக்கலாம்னு சொன்னாரு."

செவ்வந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஹர்ஷிணியா? அவளே சொன்னாளா?"

"ஆமாங்க்கா. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். அவங்க அப்பா அந்தக் கட்டோட கெடக்கற புள்ளயத் திட்டிட்டு இருக்காரு. சொன்ன பேச்சக் கேக்காம எதுக்குடி அடுப்படிக்குப் போனேன்னு. அவ வாயத் தொறக்கல. முகத்தச் சொவத்துப் பக்கம் திருப்பிட்டா." ஜன்னத் குரலைத் தாழ்த்தினாள். "எங்க யுஸ்ராவும் அந்த நாலு பேர்ல ஒருத்திங்க்கா. அவ வேற மாதிரி சொல்றா."

செவ்வந்தி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"உங்கள மாட்டிவிட நான் வரலைங்க்கா. ரெண்டு வருசமாத் தலைவின்னு பேரு. கூட்டத்துக்குப் போறேன், டீ குடிக்கறேன், கையெழுத்துப் போட்டுட்டு வாரேன். என்ற புள்ள தினமும் அங்க உக்காந்து முட்டை உரிக்கறான்னு எனக்குத் தெரியும். நானும் ஒரு நாளும் கேக்கல. நல்ல பழக்கம்தானேன்னு உட்டுட்டேன். இப்ப நான் யுஸ்ரா சொன்னான்னு கூட்டத்துல பேசினா, சின்னப்புள்ள பொய் சொல்றான்னு தள்ளிருவாங்க. நீங்க சொன்னாத்தான் அது நிக்கும். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்." தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

சுப்பையன் வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறவர், அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "வாயத் தொறந்து கெட்டுப்போவாத செவ்வந்தி. வேற யாராச்சும் இருந்தா மெமோ குடுத்து உட்ருவாங்க. நம்மாளுங்கன்னா கையோட வெளிய அனுப்பிப்போடுவாங்க. அந்தப் புள்ளையே ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டா. உனக்கென்ன?"

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தப் புள்ளையே சொல்லிவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுத்தார்களா, இல்லை ஆயாம்மா வேலை போய்விடும் என்று தானாகவே நினைத்தாளா? தப்புச் செய்தவள் வீட்டில் உட்கார்ந்திருக்க, வெந்துபோனவள் திட்டு வாங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் அன்புச்செல்வி பீளமேட்டிலிருந்து போன் செய்தாள். அங்கே ஒரு காலேஜில் படிக்கிறாள், ஹாஸ்டல் வாசம். செவ்வந்தி சொல்லவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"நானும் அங்க முட்டை உரிச்சிருக்கேனேம்மா. மறந்துபோட்டயா?"

"மறப்பனா? நீ பக்கத்துல உக்காந்துட்டு இருந்தா எனக்கு எவ்வளவு..."

"அதுக்காகத்தான் சொல்லல. நீ அவ்வளவு சந்தோசமா இருப்ப. அது சயின்ஸ் பீரியடும்மா. உரிச்சு முடிச்சு உள்ள போனா, போர்டுல பாதி அழிச்சிருப்பாங்க. கை நாறுதுன்னு பசங்க மூக்கப் புடிப்பானுங்க. சோப்புப் போட்டாலும் போகாது. எட்டாவது முழுக்க எனக்கு அந்தப் பாடம் புரியவே இல்ல. நமக்கு மண்டையில ஏறாதுன்னு நானே நெனச்சுட்டு பத்தாவதுக்குமேல சயின்ஸ் குரூப்பே கேக்கல."

மகள் பக்கத்தில் இருந்ததைத்தான் செவ்வந்தி பார்த்திருந்தாள். மகள் எங்கே இல்லாமல் போனாள் என்பதை நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு என்றுமில்லாத கூட்டம். எட்டாம் வகுப்பு அறையில் பெஞ்சுகள் போதாமல் ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். மருதாசலம் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். செவ்வந்தி உள்ளே நுழையும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "மொதல்லயே யாரு சமைக்கறாங்கன்னு பாத்திருந்தா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது. மீதியை யாரும் சொல்லத் தேவையில்லை. பத்மாவதி அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபமணி சார் எழுந்தார். எதிர்பாராத விபத்து, பிள்ளை தவறுதலாக உள்ளே போய்விட்டாள், நிர்வாகம் வருந்துகிறது, இனிமேல் கூடத்தின் கதவு சாத்தியே இருக்கும் என்றார். மோசமான மனிதர் அல்ல அவர். வெந்த பிள்ளையைக் காரில் போட்டுக்கொண்டு பறந்தவர்தான். இப்போது அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

ஜன்னத் எழுந்தாள். "சார் சொன்னதக் கேட்டோம். கூடத்துல இருந்தவங்க அவங்கதான். அவங்களும் சொல்லட்டுங்க."

எல்லாத் தலைகளும் செவ்வந்தி பக்கம் திரும்பின. அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஹர்ஷிணி தானா உள்ள வரலீங்க" என்றாள். தன் குரல் யாருடையதோபோலக் கேட்டது. "நான்தான் கூப்பிட்டேன். நேரமாயிப்போச்சு, போசியத் தூக்க இன்னொரு ஆள் இல்ல. அவளப் புடிக்கச் சொன்னேன். அவ மேல ஒரு தப்புமில்லீங்க. எனக்காகத்தான் அவ அப்படிச் சொல்லியிருக்கா."

அறையே சலசலத்தது. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று பயந்தாள். "அன்னைக்கு மட்டுமில்லீங்க. பொம்பளப் புள்ளைங்க தினமும்தான் வந்தாங்க. பாடம் நடக்கற நேரத்துல வந்தாங்க. எனக்கு ஒத்தாசையா இருந்துச்சு, அதனால நானும் வாயத் தொறக்கல. என்ற புள்ளையும் அப்படித்தான் வந்தா. சமைக்க ஆளு வேணும்னு நான் மேல கேட்டிருக்கோணும். கேட்டா இருக்கறதும் போயிருமோன்னு பயந்துபோட்டேன்."

மருதாசலம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். செவ்வந்தி அடி விழும் என்றே நினைத்தாள்.

"ஒரு வாரமா என்ற புள்ளய நான் பேசாத பேச்சில்ல" என்றார். முகம் சிவந்திருந்தது. "கை ஓங்கிப்போட்டேன், அந்தக் கட்டோட. நீங்க எல்லாரும் பாத்துட்டு இருந்தீங்க, இல்ல? சார், நீங்களுமா?" ஜெபமணி சார் தலையைக் குனிந்துகொண்டார். மருதாசலம் செவ்வந்தியைப் பார்த்தார். "உன்னய நான் சும்மா உடமாட்டேன். மேல எழுதித்தான் போடுவேன்."

"எழுதுங்க" என்றாள் ஜன்னத். "நாங்களும் எழுதறோம். மூணு ஆளு வேலைய ஒருத்தங்க தலையில வெச்சது யாருன்னும் சேத்து எழுதலாம். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும் சார். நாலு பேரும் பொம்பளப் புள்ளைங்களாவே எப்படிங்க இருந்தாங்க?"

"பொண்ணுங்கதானேம்மா பொறுப்பா..." என்று இழுத்தார் அவர்.

"எங்கூட்லயும் அதேதான் சார் சொல்றாங்க. அதனாலதான் கம்பெனிக்குப் போயிட்டு வந்து சோறும் நானே ஆக்கறேன்."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. உடனே அடங்கியது. ஹர்ஷிணியின் அம்மா முதல்முறையாக வாய் திறந்தார். "என்ற புள்ள ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குப் படிக்கறா. அந்த நேரத்துலதான் அதுக்குச் சொல்லிக் குடுத்தாங்களாமா. ஏம்மா மார்க்கு கொறையுதுன்னு கேட்டா சொல்லவே இல்ல."

அதன்பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் சிலவற்றை முடிவு செய்தார்கள். எந்தப் பிள்ளையும் பாட நேரத்தில் கூடத்துப் பக்கம் போகக் கூடாது. முட்டையை ஓட்டோடு கொடுத்துவிடலாம், அவரவர் உரித்துக்கொள்ளட்டும். "மெனுவுல மிளகு முட்டைன்னு இருக்குதே, ஆபீசர் வந்து கேட்டா?" என்று பத்மாவதி பதறினார். கேட்டால் சமையலர் எங்கே என்று நாங்கள் கேட்கிறோம் என்றார்கள். சமையலர் வரும்வரை அம்மாக்கள் முறை வைத்து ஒத்தாசைக்கு வரட்டும் என்று ஒருவர் சொன்னார். "அம்மாக்கள் மட்டுமா?" என்று ஜன்னத் கேட்டதற்குச் சுவரோரம் நின்றவர்கள் யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை செவ்வந்தி மருதாசலத்தின் வீட்டுக்குப் போனாள். ஹர்ஷிணி வீடு திரும்பியிருந்தாள். மருதாசலம் குடோனுக்குள் இருந்தார். தறிச் சத்தம் கேட்டது. அவருடைய மனைவி கதவைத் திறந்துவிட்டார். அந்த வீட்டுக்குள் செவ்வந்தி கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வாசலைத் தாண்டி ஒரு எட்டுக்குமேல் போகவில்லை.

ஹர்ஷிணி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தாள் செவ்வந்தி. அவளோ கோபமாக இருந்தாள். "நான்தான் சொல்லலையே ஆயாம்மா. நீங்க எதுக்குங்க சொன்னீங்க? இப்ப உங்க வேலை போயிரும்."

"எனக்காக நீ திட்டு வாங்கக் கூடாது கண்ணு. நான் பெரியவ. உன்னய அங்க கூப்பிட்டது என்ற தப்பு."

"வலிச்சப்பகூட நான் சொல்லல" என்றாள் அந்தப் பிள்ளை. அப்போதுதான் அவள் கண் நிறைந்தது.

அடுத்து வந்த வாரங்கள் சுகமாகப் போகவில்லை. விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கூட்டத்தில் சொன்னதையே செவ்வந்தி அவர்களிடமும் சொன்னாள். அவளுக்கும் பத்மாவதிக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பத்மாவதி அவளோடு வேலைப் பேச்சைத் தவிர மற்றதை நிறுத்திவிட்டார். ஜெபமணி சார் மட்டும் ஒரு நாள் கூடத்து வாசலில் நின்று, "கூட்டத்துல நானே சொல்லியிருக்கணும், செவ்வந்திம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் நிமிர்வதற்குள் போய்விட்டார்.

ஒத்தாசை முறையில் முதல் வாரம் நிறையப் பேர் வந்தார்கள். அப்பாக்களிலும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் போன் பார்த்துக்கொண்டே நின்றார். தறியில் இரவு ஷிப்ட் முடித்து, தூக்கம் சொக்கும் கண்ணோடு வந்த இன்னொருவர் போசியைப் பிடித்த பிடியில், சமையல்கட்டு இவருக்குப் புதிதல்ல என்று தெரிந்தது. போகப்போக ஆண்கள் குறைந்து அம்மாக்களே மிஞ்சினார்கள். ஜன்னத் தெருவில் பார்க்கிற ஆண்களையெல்லாம் நிறுத்தி, "உங்க முறை என்னாச்சுங்க?" என்று கேட்டபடி இருந்தாள். சிலர் அவளைக் கண்டால் வேறு தெருவில் திரும்பினார்கள். சிலர் வந்தார்கள். அவளும் இன்னும் சில பெற்றோரும் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாக நடந்ததில், பக்கத்து ஊரிலிருந்து ஒரு சமையலரை வாரத்தில் பாதி நாளுக்கு அனுப்ப அதிகாரிகள் சம்மதித்தார்கள். மீதி நாளுக்கு இன்னும் வழியில்லை.

ஹர்ஷிணி பள்ளிக்கு வந்தாள். முன்கைத் தோல் வேறு நிறமாக ஆறியிருந்தது. டிபன் பாக்ஸோடுதான் வந்தாள், அப்பாவின் கட்டளை. மேற்குத் தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளும் டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தார்கள். செவ்வந்தி அவற்றைப் பார்க்காதமாதிரி வரிசையில் பரிமாறிக்கொண்டு போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹர்ஷிணி டிபன் பாக்ஸ் மூடியை நீட்டினாள். "எனக்கும் போடுங்க ஆயாம்மா."

செவ்வந்தி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "அப்பாகிட்டக் கேட்டயா கண்ணு?"

"கேட்டேன்."

கேட்டாளோ இல்லையோ. கேட்காமல் சாப்பிட்டாள் என்று தெரிந்தால் மருதாசலம் மறுபடி பள்ளிக்கு வருவார். போடாவிட்டால், பசியென்று கேட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பியவள் ஆவாள். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி சாதம் போட்டாள். ஹர்ஷிணி வரிசையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் முழுவதும் செவ்வந்தி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. விசாரணையின் முடிவும் இதுவரை வரவில்லை. வரும்வரை வேலை பார்க்கலாம் என்று பத்மாவதி சொல்லியிருக்கிறார். காலையில் அவர் அரிசியை அளந்து கொடுக்க, செவ்வந்தி வாங்கி உலையில் போடுகிறாள்.